வண்டி ஓரக்கல்லில் ஏறிவிட்டதா? ‘ஓடுதே, பரவாயில்ல’ என்று கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் பெங்களூரில் லேப்டாப்பை மூடப் போகிற நேரம். பேத்தமங்களாவிலிருந்து அப்பாவின் போன் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தக்காளி லோடு ஏத்திட்டு கிளம்பினேம்ப்பா. எதிர்ல வந்தவன் ஹைபீம் அடிச்சான், கண்ணே தெரியல. இடது சக்கரம் ஓரக்கல்லுல ஏறி இறங்கிடுச்சு. வண்டி ஓடுது. ஸ்டியரிங் மட்டும் கொஞ்சம் சாஞ்ச மாதிரி இருக்கு. மார்க்கெட்டுக்குப் போய் இறக்கிட்டு, காலையில மெக்கானிக்கிட்ட காட்டிக்கலாமா?”

என்ன சொல்வீர்கள்? லோடு காத்திருக்காது. 15 கிலோ பெட்டிகளில் அடுக்கிய தக்காளி விடிவதற்குள் கோலார் மார்க்கெட்டுக்குப் போயாக வேண்டும். வண்டியும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. “மெதுவா போங்கப்பா” என்று சொல்லிவிடத் தோன்றும்.

அந்தப் பதிலில்தான் ஆபத்து. ஓரக்கல் மோதலில் வெளியே தெரிகிற சேதம் பெரும்பாலும் சின்னது. உள்ளே இருப்பதுதான் உயிருக்கு உலை வைப்பது. வளைந்த பாகம் உடனே உடைந்துவிடாது. சில கிலோமீட்டரோ, சில நாட்களோ தாங்கும். பிறகு ஒரு பள்ளத்தில், ஒரு திருப்பத்தில், அல்லது அவசரமாக பிரேக் அடிக்கும்போது கழன்றுகொள்ளும்.

அதிலும் பேத்தமங்களாவைத் தொட்டுக்கொண்டு இப்போது பெங்களூரு–சென்னை விரைவுச் சாலை போகிறது. ஹொஸ்கோட்டேயிலிருந்து இங்கே வரையிலான கர்நாடகப் பகுதி சுமார் 71 கிலோமீட்டர். ஊர்த் தெருவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒன்றும் தெரியாத கோளாறு, அந்தச் சாலையில் 80-ஐத் தொடும்போது வேறு முகம் காட்டும்.

சரி, வண்டியை எடுக்கலாமா, கூடாதா என்று எப்படி முடிவு செய்வது? கார் வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து, படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு கல் அப்படி என்ன செய்துவிட முடியும்?

மோதலின் விசை ஒரு வரிசையில் பயணிக்கிறது. முதலில் டயர், அடுத்து ரிம், பிறகு ஹப்பும் வீல் பேரிங்கும், அதன்பின் சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். அங்கிருந்து விசை பிரிகிறது. ஒரு பகுதி சஸ்பென்ஷனுக்குப் போகிறது. இன்னொரு பகுதி டை ராட் வழியாக ஸ்டியரிங் பெட்டிக்குப் போகிறது. இந்தச் சங்கிலியில் எது பலவீனமோ அது வளையும். பல நேரங்களில் அது டை ராட். நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கிற அந்தக் கம்பிதான் சக்கரத்தைத் திருப்புகிறது. அதன் முனையில் உள்ள பந்து மூட்டு கழன்றால், நீங்கள் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்தச் சக்கரம் கேட்காது.

வேகமும் ஒரு கணக்கு. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். பார்க்கிங் செய்யும்போது ஓரக்கல்லில் உரசுவதும், 40 கிலோமீட்டரில் ஏறி இறங்குவதும் ஒன்றல்ல. லோடு இருந்தால் இன்னும் மோசம்.

அதனால் போனில் முதலில் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். என்ன வேகம்? நேராக மோதியதா, சாய்வாக உரசியதா? பின்சக்கரமும் ஏறியதா? மெக்கானிக்கும் இதைத்தான் கேட்பார். மறப்பதற்குள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நின்ற இடத்திலேயே பத்து நிமிடச் சோதனை

வண்டியைச் சமதளத்தில், போக்குவரத்துக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். ஹசார்டு விளக்கு எரியட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் கருவி தேவையில்லை. செல்போன் டார்ச் போதும். வீடியோ கால் போட்டால் நீங்களும் கூடவே பார்க்கலாம்.

1. டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். வெட்டு, கிழிசல், முட்டை மாதிரி புடைப்பு ஏதாவது இருக்கிறதா? புடைப்பு என்றால் உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்துவிட்டது என்று பொருள். வெளிப்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. டார்ச்சை உள்பக்கமும் அடிக்கச் சொல்லுங்கள்.

2. ரிம்மைப் பாருங்கள். ஓரம் மடங்கியிருக்கிறதா? அலாய் என்றால் மயிரிழை விரிசல் இருக்கிறதா? காது கொடுத்தால் காற்று கசியும் சத்தம் கேட்கிறதா? வீல் நட்டு எதுவும் குறைகிறதா என்றும் எண்ணிப் பாருங்கள்.

3. ஸ்டியரிங்கை நேராக வைத்து, வண்டிக்கு முன்னால் நான்கடி தள்ளி நின்று இரண்டு முன்சக்கரத்தையும் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி நிற்கின்றனவா? ஒன்று மட்டும் உள்ளே திரும்பியோ, மேல்பக்கம் சாய்ந்தோ இருக்கிறதா?

4. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை விரலால் அளந்து பாருங்கள். முதலில் இடது சக்கரத்தின் முன்பக்கமும் பின்பக்கமும், அதன்பின் வலது சக்கரத்திலும் அதே மாதிரி. இடது சக்கரம் வலதைவிடப் பின்னால் தள்ளி நின்றால், சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது.

5. கீழே தரையைப் பாருங்கள். எண்ணெய் சொட்டுகிறதா? பிரேக் குழாய் நசுங்கியிருக்கிறதா? சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் சிதறியிருக்கிறதா?

6. இன்ஜினை ஆன் செய்து, நின்றபடியே ஸ்டியரிங்கை இடது கடைசி வரைக்கும் வலது கடைசி வரைக்கும் திருப்பச் சொல்லுங்கள். எங்காவது சிக்குகிறதா? டயர் எதிலாவது உரசுகிறதா? ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்புகிறதா?

7. கடைசியாக பிரேக்கை நன்றாக மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது.

கீழே எட்டிப் பார்ப்பது மட்டும்தான். ஜாக்கி போட்டு, அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். ஜாக்கி சரிந்து போன உயிர்கள் கொஞ்சமில்லை.

எப்போது ஓட்டவே கூடாது?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். “மெதுவா போறேன்” என்பது இதற்குப் பதில் அல்ல.

● டயரில் புடைப்பு அல்லது நூல் தெரிகிற வெட்டு. டயர் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஸ்டெப்னி மாற்றிய பிறகு மீதிச் சோதனையைத் தொடரலாம்.

● ஒரு சக்கரம் வெளிப்படையாகக் கோணலாகவோ பின்னால் தள்ளியோ நிற்பது.

● ஸ்டியரிங் நடுவில் இருந்து கால் சுற்றுக்கு மேல் சாய்ந்திருந்தால்தான் வண்டி நேராகப் போகிறது என்ற நிலை.

● ஸ்டியரிங் சிக்குவது, அல்லது கொஞ்ச தூரம் வெறுமனே சுற்றிய பிறகுதான் சக்கரம் அசைவது.

● பிரேக் எண்ணெய்க் கசிவு, பெடல் இறங்குவது.

● ஸ்டியரிங், ஏ.பி.எஸ். அல்லது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு புதிதாக எரிவது.

இப்படி ஏதாவது இருந்தால் வேறு வண்டி ஒன்றை வரவழைத்து லோடை மாற்றுங்கள். அடிபட்ட வண்டியை ரிக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். முன்சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையிலோ விரைவுச் சாலையிலோ நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம். லோடு மாற்றும் கூலி, ரிக்கவரிச் செலவு, தாமதத்தால் குறையும் விலை என்று எல்லாம் கையைக் கடிக்கும்தான். ஆனால் ஒரு சக்கரம் சொன்னபடி கேட்காத லோடு வண்டி எதிரே வருகிறவர்களுக்கும் எமன்.

எதுவும் தெரியவில்லை என்றால்?

அப்போது காலியான சாலையில், முதலில் நடை வேகத்தில், பிறகு 20, 30 வரைக்கும் ஓட்டிப் பார்க்கலாம். எல்லா டயரிலும் காற்று சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் காற்று குறைந்தாலே வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். அதைப் பெரிய கோளாறு என்று தப்பாக நினைத்துவிடுவோம்.

வண்டி தருகிற அறிகுறிகளை இப்படிப் படிக்கலாம்:

ஸ்டியரிங் சாய்ந்திருக்கிறது, ஆனால் வண்டி நேராகப் போகிறது: டை ராட் வளைந்திருக்கலாம், அல்லது முன் ஆக்சில் லேசாக நகர்ந்திருக்கலாம்.

பிடியைத் தளர்த்தினால் ஒரு பக்கம் இழுக்கிறது: சக்கரத்தின் சாய்வு மாறியிருக்கலாம். காரில் லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் மீது சந்தேகம். லாரி வகை வண்டியில் ஆக்சில் அல்லது கிங் பின்.

குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் நடுங்குகிறது: ரிம் வளைந்திருக்கலாம், அல்லது பேலன்சிங் எடை தெறித்து விழுந்திருக்கலாம்.

வேகம் கூடக் கூட ‘ஊம்ம்’ என்று முனகல், வளைவில் அந்தச் சத்தம் கூடிக் குறைகிறது: வீல் பேரிங்.

பள்ளத்தில் இறங்கும்போது ‘டக் டக்’: பால் ஜாயிண்ட், ஷாக் அப்சார்பர் புஷ், அல்லது தளர்ந்த யூ போல்ட்.

முழுதாக ஒடித்துத் திருப்பும்போது ‘கட கட’: முன்சக்கர டிரைவ் உள்ள கார்களில் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்.

திருப்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பவில்லை: ஸ்டியரிங் ரேக், ஸ்ட்ரட் மேல் பேரிங் அல்லது கிங் பின் சிக்கியிருக்கலாம்.

இவை சந்தேகப் பட்டியல்தான், தீர்ப்பு அல்ல. ஒரே அறிகுறிக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒரே மோதலில் மூன்று பாகம் சேர்ந்தும் போயிருக்கலாம். எந்த அறிகுறியும் இல்லை என்றாலும், அந்த வாரத்துக்குள் ஒரு முறை வண்டியைத் தூக்கிப் பார்த்துவிடுவது நல்லது. டயர் புடைப்பு சில நேரம் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே வரும்.

ஒர்க் ஷாப்பில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்பக்கம் குனிந்து பார்த்தால் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரைக்கும் ஒரே கனமான இரும்பு உத்தரம் போனால் அது ரிஜிட் ஆக்சில். லாரிகளிலும் பல சின்ன சரக்கு வண்டிகளிலும் இதுதான். இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடினால் அது கார்களில் இருக்கும் வகை. சில பிக்கப்களிலும் இது உண்டு.

ரிஜிட் ஆக்சில் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பட்டை, அதாவது லீஃப் ஸ்பிரிங். பட்டைக் கட்டை நடுவில் பிடித்திருப்பது சென்டர் போல்ட். மோதலில் அது துண்டானால் ஆக்சில் அப்படியே பின்னால் நகர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு அளவு நாடா போதும். இடது முன்சக்கர நடுவிலிருந்து இடது பின்சக்கர நடு வரை அளக்க வேண்டும். அதேபோல வலது பக்கமும். இரண்டும் ஒன்றாக இல்லை என்றால் வண்டி நண்டு மாதிரி சாய்ந்துதான் ஓடும். இதைக் கவனிக்காமல் ஸ்டியரிங்கை மட்டும் நேராக்கிக் கொடுத்தால் கோளாறு அப்படியே உள்ளே இருக்கும். மெயின் பட்டை, யூ போல்ட், கிங் பின், டை ராட், ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்க் ஆகிய ஒவ்வொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு சோதனை உண்டு. வண்டியைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கடிகாரம் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும். 9, 3 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ‘லொடக்’ என்றால் டை ராட் பக்கம் சந்தேகம். 12, 6 இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் லொடலொடத்தால் வீல் பேரிங், பால் ஜாயிண்ட் அல்லது கிங் பின். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு ரிம் ஓரத்தைப் பார்த்தால், வளைந்த ரிம் தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும்.

இன்னொன்று, வண்டி தரையில் நிற்கும்போது செய்வது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். எந்த மூட்டில் அசைவு அடுத்த கம்பிக்குப் போகாமல் நின்றுவிடுகிறதோ, அங்கேதான் தேய்மானம் அல்லது சேதம்.

நீங்கள் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் “எந்தப் பாகம் வளைஞ்சிருக்கு, காட்டுங்கண்ணா” என்று கேளுங்கள். மறுபக்கத்து நல்ல பாகத்தோடு ஒப்பிட்டுக் காட்டச் சொன்னால் உங்களுக்கும் புரியும். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

‘அலைன்மெண்ட் பண்ணினா சரியாயிடும்’ – உண்மையா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அலைன்மெண்ட் என்பது நல்ல நிலையில் உள்ள பாகங்களைச் சரியான கோணத்தில் நிறுத்துவது. வளைந்த பாகத்தை அது நிமிர்த்தாது. டை ராட் வளைந்து சக்கரம் திரும்பியிருந்தால், டை ராட்டின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து ஸ்டியரிங்கை நேராகக் காட்டிவிட முடியும். வண்டி நேராக ஓடும், நீங்களும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள். வளைந்த கம்பி மட்டும் அதே இடத்தில் இருக்கும்.

சரியான வரிசை இதுதான்: முதலில் சோதனை, பிறகு சேதமான பாகம் மாற்றுவது, கடைசியில் அலைன்மெண்ட்.

ஆனால் அலைன்மெண்ட் எந்திரத்தைச் சோதனைக் கருவியாகப் பயன்படுத்தலாம். எதையும் திருப்புவதற்கு முன்னால் இருக்கும் அளவை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் மூன்று சொற்களைத் தேடுங்கள். ‘டோ’ என்பது சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. ‘கேம்பர்’ என்பது சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு. ‘கேஸ்டர்’ என்பது சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு. டோ மட்டும் மாறியிருந்தால் டை ராட் பக்கம் பாருங்கள். கேம்பரோ கேஸ்டரோ இடதுக்கும் வலதுக்கும் கணிசமாக வித்தியாசப்பட்டால், ஏதோ பெரிய பாகம் வளைந்திருக்கிறது. பல வண்டிகளில் இந்த இரண்டையும் திருகி மாற்ற வழியே கிடையாது.

இதைக் கவனிக்காமல் விட்டால் டயர் சொல்லிவிடும். ஒரு சக்கரம் போகும் திசையிலிருந்து ஒரு டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுவதற்குச் சமம். புது டயரின் ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

சூடு காட்டி நிமிர்த்தலாமா?

“புதுசு எதுக்கு? கேஸ் அடிச்சு நிமிர்த்தித் தர்றேன்” என்று சொல்லும் பட்டறைகள் நெடுஞ்சாலை ஓரத்தில் நிறைய உண்டு. பம்பர் பட்டைக்கு அது சரி. டை ராட், நக்கிள், லோயர் ஆர்ம், டிராக் லிங்க் போன்றவற்றுக்குக் கூடவே கூடாது.

தங்கவயல் இரும்பை அறிந்த ஊர். சுரங்கத்தில் உழைத்த தலைமுறை, பெமல் தொழிற்சாலையில் கனரக வண்டி செய்த தலைமுறை என்று வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். இந்தப் பாகங்களில் பல அடித்து உருவாக்கி, அளந்த சூட்டில் பதப்படுத்திய எஃகு. மறுபடி கன்னாபின்னாவென்று சூடுபடுத்தினால் அந்தப் பதம் போய்விடும். சூடு காட்டாமல் அடித்து நிமிர்த்தினாலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே உட்கார்ந்துகொள்ளும். பார்க்க நேராக இருக்கும். எப்போது முறியும் என்று யாருக்கும் தெரியாது.

டை ராட் எண்ட் விலை ஒரு ஜோடி டயரின் விலையோடு ஒப்பிட்டாலே சின்னது. மிச்சம் பிடிக்க இது இடமில்லை. புதிதாகப் போட்டதும் நட்டில் காட்டர் பின் உள்ள வகை என்றால், அது புதிதாகப் போட்டு மடக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்த பாலிசி வேண்டும். அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு.

வழக்கமான பாலிசியில் ஒரு நிபந்தனை இருக்கும்: விபத்துக்குப் பிறகு தேவையான பழுதைச் சரிசெய்யாமல் ஓட்டி, அதனால் சேதம் கூடினால், கூடிய பகுதி உங்கள் பொறுப்பு. ‘மார்க்கெட்டுக்குப் போய்ட்டு காட்டிக்கலாம்’ என்பதற்கு இன்னொரு விலையும் இருக்கிறது, பார்த்தீர்களா?

டயர் மட்டும் சேதமானால் பணம் கிடைக்காது. வண்டியும் சேர்ந்து சேதமாகியிருந்தால் டயர் விலையில் 50 சதவீதம் வரைதான். சரக்கு வண்டிகளில் விளக்கு, பம்பர், மட்கார்டு, டயர், பெயிண்ட் போன்றவற்றுக்குத் தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் கவரேஜ் உண்டு. கோரிக்கை வைத்தால் நோ கிளைம் போனஸ் போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள். சின்னச் செலவு என்றால் கையிலிருந்து கட்டுவதே லாபமாக இருக்கலாம்.

கோரிக்கை வைப்பதாக இருந்தால் அந்த இடத்திலேயே கல், சக்கரம், நம்பர் பிளேட் தெரிய போட்டோ எடுங்கள். கம்பெனிக்கு உடனே தெரிவியுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் எதையும் கழற்ற வேண்டாம். மாற்றிய பழைய பாகத்தையும், முன்பு எடுத்த அலைன்மெண்ட் அச்சையும் பத்திரமாக வையுங்கள்.

சரி, அப்பாவுக்கு என்ன பதில்?

“ஓட்டாதீங்கப்பா. ஓரமா நிறுத்திட்டு வீடியோ கால் போடுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம்.” இதுதான் பதில். பத்து நிமிடத்தில் சக்கரம் கோணல் என்று தெரிந்தால் லோடை மாற்ற ஆள் தேடுங்கள். எதுவும் தெரியவில்லை, ஸ்டியரிங் மட்டும் லேசாகச் சாய்ந்திருக்கிறது என்றால்கூட, லோடை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, வெறும் வண்டியை மெதுவாகப் பக்கத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் சரி. விரைவுச் சாலைப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

ஒரு லோடு தக்காளி போனால் அடுத்த அறுவடை வரும். வீட்டுக்கு வர வேண்டிய ஆள் பத்திரமாக வந்து சேரட்டும்.